பாகும் பதமும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளிவிழா மேடையில் மிட்டாயைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னபோது அமைப்பாளர்களில் சிலர் சிரித்தார்கள். சட்டத்தைப் பற்றியும் மேற்படிப்பைப் பற்றியும் பேச அறிஞர்கள் பலர் வந்திருக்கிறார்கள். நானோ வேதியியல் கற்பித்துப் பிழைத்தவன். அடுப்பின்மேல் கொதிக்கும் வெல்லப்பாகைக் காட்டிலும் நல்ல வேதியியல் பாடம் ஒன்றை நான் கண்டதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. செஞ்சி வட்டாரத்தில் நம் மக்கள் கடலை பிடுங்குகிறார்கள், கரும்பு வெட்டுகிறார்கள், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டை சுமக்கிறார்கள். அந்தக் கடலையும் அந்தக் கரும்பும் ஒன்றுகூடி மிட்டாயாகும் இடத்தில் மட்டும் நம்மவரைக் காண்பது அரிதாக இருக்கிறது. ஏன் என்று கேட்கவே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் ஊரில் தாளில் சுற்றிய எதையும் சாக்லேட் என்கிறோம். பிறந்தநாளன்று பிள்ளைகள் பள்ளியில் வழங்குவது பெரும்பாலும் சாக்லேட் அன்று. அது சர்க்கரை, பால், கொழுப்பு மூன்றையும் காய்ச்சிச் செய்த டாஃபியாக இருக்கும்; அல்லது சர்க்கரையை இறுக்கிச் செய்த கெட்டி மிட்டாயாக இருக்கும். கொக்கோ விதையிலிருந்து வருவது ஒன்றே சாக்லேட் என்னும் பெயருக்கு உரியது. இரண்டும் வெவ்வேறு பண்டங்கள். ஆயினும் இரண்டையும் செய்பவருக்குத் தேவையான திறமை ஒன்றுதான்: படிகத்தை அடக்கி ஆளும் திறமை.

படிகம் என்றால் என்ன? உப்பிலும் சர்க்கரையிலும் நாம் காணும் பளபளப்பான மணிதான். அணுக்கூட்டங்கள் அணிவகுத்து நின்றால் அது படிகம். கலைந்து கிடக்கும்போதே உறைந்துவிட்டால் அது கண்ணாடி போன்ற திண்மம். கெட்டி மிட்டாய் உண்மையில் ஒருவகைக் கண்ணாடியே. சன்னல் கண்ணாடியைப் போலவே ஒளியைத் தன்னூடே விடுகிறது; அதைப் போலவே கூர்மையாக உடைகிறது.

அறை வெப்பநிலையில் 100 கிராம் நீரில் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரை கரையும். கொதிக்கும் வேளையில் அதே நீர் 480 கிராம் வரை ஏற்றுக்கொள்ளும். சூடாக இருக்கையில் ஏற்ற சர்க்கரையை ஆறும்போது அந்நீரால் தாங்க இயலாது. மிகுதிச் சர்க்கரை வெளியேறத் துடிக்கும். அதைப் படிகமாக வெளியேற விடுகிறோமா, விடாமல் இறுக்குகிறோமா என்பதே மிட்டாய்த் தொழிலின் முதற் கேள்வி.

விட்டுப் பிடிப்பவர் பனங்கற்கண்டு செய்பவர். நம் விழுப்புரம் மாவட்டத்தில் பனைக்குக் குறைவில்லை. பதநீரைக் காய்ச்சி, கெட்டியான பாகாக்கி, நூல்கள் கட்டிய கலத்தில் ஊற்றி, 40 நாட்களுக்கு மேல் ஆடாமல் அசையாமல் வைத்துவிடுகிறார்கள். நூலைப் பற்றிக்கொண்டு படிகம் மெல்ல மெல்ல வளர்கிறது. அவசரப்பட்டுக் கலத்தை அசைத்தால் பெரிய கற்கண்டுக்குப் பதில் பொடி மணல்தான் மிஞ்சும். கெட்டி மிட்டாய் செய்பவர் வேண்டுவதோ இதற்கு நேர்மாறு. அவருடைய பாகில் ஒரே ஒரு சர்க்கரை மணி தப்பி விழுந்தாலும் அதைப் பார்த்து மற்றவையும் அணிவகுக்கத் தொடங்கும். பாகு முழுவதும் பூத்துப்போகும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் கொதிக்கும் பாத்திரத்தின் ஓரங்களை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். கொதி வந்தபின் கரண்டியைப் போடமாட்டார்கள்.

எலுமிச்சைச் சாறு சில துளிகள் விடுவதும் இதற்காகவே. சுவைக்காக என்று பலர் எண்ணுகிறார்கள். சாற்றின் புளிப்பு, சூட்டின் துணையோடு, சுக்ரோஸ் என்னும் சர்க்கரையைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாகப் பிளக்கிறது. ஒரே அளவுச் செங்கற்களால் சுவர் எழுப்புகையில் இடையிடையே வேறு அளவுக் கற்கள் வந்து விழுந்தால் கட்டுமானம் நின்றுபோகுமல்லவா? அதுபோலப் படிக வரிசை தடைபடுகிறது. தொழிற்சாலைகள் இதே வேலைக்கு மக்காச்சோள மாவிலிருந்தோ மரவள்ளி மாவிலிருந்தோ எடுத்த குளுக்கோஸ் பாகைச் சேர்க்கின்றன.

இனிப் பதத்திற்கு வருகிறேன். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

தூய நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். சர்க்கரை கரைந்த நீர் அதற்கும் மேலேதான் கொதிக்கும். நீர் ஆவியாகப் போகப் போகப் பாகு செறிவடைகிறது. கொதிநிலையும் ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே பாகின் வெப்பநிலையைப் படித்தாலே அதில் நீர் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். நம் பாட்டிமார் விரலிடையே தொட்டு இழுத்துக் கம்பிப் பதம் என்பார்கள். அது 107 டிகிரியையொட்டி வருவது. நீரில் விட்டுத் திரட்டினால் மெத்தென்று உருளும் பதம் 112 முதல் 116 வரை. அப்போது பாகில் நூற்றுக்கு 85 பங்கு சர்க்கரை. திரட்டிய உருண்டை விறைத்து நிற்கும் பதம் 121-க்கு மேல். நீரில் விட்டு எடுத்துத் தரையில் போட்டால் கல் விழுந்தாற்போல ஓசை எழுகிறதே, கடித்தால் பல்லில் ஒட்டாமல் முறிகிறதே, அந்தப் பதம் 146 முதல் 154 வரை. அப்போது நீர் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் மிஞ்சியிருக்கும். 160-ஐத் தாண்டினால் சர்க்கரையே சிதைந்து பொன்னிறமாகி, கசப்புக் கலந்த மணம் வீசும். இந்த அளவுகள் சர்க்கரைப் பாகுக்கு உரியவை. வெல்லப்பாகு சற்று முன்னதாகவே கருகத் தொடங்கும்.

இவற்றை நான் வற்புறுத்திச் சொல்வது எதனால்? மிட்டாய்க்குக் கைப்பக்குவம் வேண்டும், அது பரம்பரையாக வருவது, பிறந்த வீட்டில் ஊறியிருக்க வேண்டும் என்று ஒரு பேச்சு நெடுங்காலமாக உலவுகிறது. பாட்டியின் விரலை நான் மதிக்கிறேன். ஆனால் அவருடைய விரல் அளந்ததும் கொதிநிலையைத்தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெப்பமானி அதே அளவைத் திருத்தமாகக் காட்டுகிறது. அது பார்ப்பவரின் குலத்தைக் கேட்பதில்லை. பரம்பரை என்று பெயரிட்டுப் பூட்டி வைத்த பல தொழில்களின் பூட்டு இவ்வளவு எளியதுதான் என்பது என் கருத்து.

கடலை மிட்டாயை எடுத்துக்கொள்வோம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் நிலத்துக் கடலையும் தேனிப் பக்கத்து வெல்லமும் சேர்ந்து அவ்வூருக்கு அந்தப் பெயரைத் தேடித் தந்தன. செஞ்சிக் கடலை சுவையில் தாழ்ந்தது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கே விளைந்தது மூட்டையாக வெளியேறுகிறது. அங்கே விளைந்தது மிட்டாயாக வெளியேறுகிறது. வேறுபாடு அவ்வளவே.

வெல்லத்தில் பிளவுபட்ட சர்க்கரை இயல்பாகவே கலந்திருக்கிறது. ஆதலால் வெல்லப்பாகு எளிதில் பூப்பதில்லை. ஆனால் காற்றிலுள்ள ஈரத்தைப் பேராசையோடு இழுத்துக்கொள்ளும். பாகு முற்றியபின் சிட்டிகை சமையல் சோடா தூவினால் கரியமில வாயு நுண்குமிழ்களாகப் பரவி மிட்டாய் மொறுமொறுவென்று உடையும். அளவு மீறினால் சோடா வாடை அடிக்கும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிது கடலையின் தரம். ஈரம் காயாத கடலையில் ஒருவகைப் பூஞ்சை வளர்ந்து அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சைச் சுரக்கும். அது கல்லீரலைக் கெடுப்பது, புற்றுநோய்க்கும் காரணமாவது. வறுத்தாலும் அது முற்றாக அழிவதில்லை. ஆகவே சுருங்கியது, கறுத்தது, பூத்தது ஆகியவற்றைக் கையால் பொறுக்கி எறிவது தவிர வழியில்லை. இந்த வேலையில் நம் பெண்களுக்கு ஆசிரியர் தேவையில்லை. களத்தில் காயும் கடலையைக் கையில் எடுத்துக் குலுக்கி, உள்ளே பருப்பு ஆடும் ஓசையைக் கேட்டே காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். நாட்கூலிக்கு விற்றுவந்த அந்த அறிவு தரக் கட்டுப்பாடு என்னும் பெயரில் ஆலைகளில் சம்பளம் பெறும் அறிவு.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மிட்டாய் ஏன் பிசுபிசுக்கிறது என்பதற்கும் இப்போது விடை தெரிந்திருக்கும். சர்க்கரைக் கண்ணாடி ஈரத்தை இழுக்கிறது, மேற்பரப்பு இளகுகிறது, இளகிய இடத்தில் படிகம் பூக்கிறது. ஆறியவுடன் காற்றுப் புகாமல் மூடுவதே மருந்து. தாள் சுற்றுவது அழகுக்காக ஏற்பட்ட வழக்கம் அன்று.

நிறத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் பிறகு தமிழ்நாட்டிலும் நிறமூட்டிய பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதிக்கப்பட்டதை அறிவீர்கள். ஆடைக்கும் தாளுக்கும் ஏற்றும் ரோடமின்-பி என்னும் சாயம் அதில் இருந்ததாக ஆய்வில் தெரியவந்தது. பஞ்சுமிட்டாய் தன்னளவில் குற்றமற்றது. உருகிய சர்க்கரையைச் சுழற்றி நூலாக்குவதுதான். தெருவில் விற்ற எளியவர் பலருக்கு அந்தச் சாயத்தின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. மலிவாகக் கிடைத்தது; வாங்கிக் கலந்தார். அறியாமைக்குரிய விலையை முதலில் கொடுப்பவர் எப்போதும் எளியவரே.

நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்திற்கு மிட்டாய்த் தொழில் புதியதன்று. நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை 1842-இல் தோன்றியது. அதே ஊரில் எழுந்த மிட்டாய் ஆலையிலிருந்து வந்த பாரி மிட்டாய்கள் நாடெங்கும் பரவின. 2004-இல் அந்த மிட்டாய் நிறுவனத்தைத் தென்கொரியத் தொடர்புடைய லாட்டே நிறுவனம் வாங்கிக்கொண்டது. பெரிய ஆலைகளின் ஒரு நுட்பத்தை மட்டும் சொல்கிறேன். மூடிய கலத்திலிருந்து காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிப் பாகைக் காய்ச்சுகிறார்கள். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். ஆகவே சர்க்கரை கருகாமலே நீர் வெளியேறுகிறது. நிறம் தெளிவாக நிற்கிறது. அத்தகைய கலம் நமக்கு இன்று எட்டாதது. நம் அடுப்பில் காய்ச்சிய பாகு கொஞ்சம் பழுப்பாகத்தான் இருக்கும், அதனால் இழிவில்லை.

சாக்லேட்டைப் பற்றிக் கேட்க இளைஞர்கள் ஆவலோடு இருக்கிறீர்கள் என்று முகங்களே காட்டுகின்றன.

கொக்கோ தென் அமெரிக்காவின் மரம். 1965-இல் காட்பரி நிறுவனம் கேரளத்தின் வயநாட்டில் அதைப் பயிரிடத் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளில் தென்னை நிழலில் ஊடுபயிராக வளர்கிறது. பழத்தைப் பிளந்தால் வெண்சதை போர்த்த விதைகள் இருக்கும். அவற்றைக் குவித்து மூடி 5 முதல் 7 நாட்கள் புளிக்க வைக்கிறார்கள். குவியலின் சூடு 50 டிகிரியை நெருங்குகிறது. விதை மாண்டு, மணத்திற்கான கருப்பொருள்கள் உள்ளே பிறக்கின்றன. புளிக்காத விதையை எவ்வளவு வறுத்தாலும் சாக்லேட் மணம் வாராது. பிறகு உலர்த்தி, வறுத்து, முறத்தில் புடைப்பதுபோல உமி நீக்கி அரைக்கிறார்கள். விதையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பாகையால், அரைக்க அரைக்கத் தூளாகாமல் குழம்பாக உருகுகிறது.

அரைப்பு மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் நடக்கும். துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்கு நுணுகினால்தான் நாவுக்கு மணல் தட்டாது. 1879-இல் சுவிட்சர்லாந்தின் ரொடால்ஃப் லிண்ட் இதற்கென ஒரு பொறியைச் செய்தார். இன்று உலகின் பல நாடுகளில் வீட்டளவிலும் சிற்றளவிலும் சாக்லேட் செய்வோர் பயன்படுத்துவது எதை என்று நினைக்கிறீர்கள்? கோயம்புத்தூரின் மாவரைக்கும் கிரைண்டரைச் சற்றே திருத்தியமைத்த கல் பொறியை! இட்லி மாவு அரைத்த கல் அமெரிக்கச் சிறு பட்டறைகளில் கொக்கோ அரைக்கிறது. நமக்கு அருகிலேயே, விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் 2014-இல் தோன்றிய மேசன் அண்டு கோ என்னும் பட்டறையில் சுற்றுப்புறக் கிராமத்துப் பெண்களே விதையிலிருந்து சாக்லேட் வரை செய்கிறார்கள்.

சாக்லேட்டின் கடைசிச் சோதனை கொக்கோ வெண்ணெயின் படிகம். அது 6 வகையாக உறையக் கூடியது. அவற்றுள் ஐந்தாவது வகை ஏறக்குறைய 34 டிகிரியில் உருகுவது. கையில் உறுதியாக நின்று, 37 டிகிரி சூடுள்ள வாயில் கரைவது. அந்த ஒன்றையே பெற, கரிய சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 28 அளவுக்குக் கிளறியபடி ஆற்றி, மீண்டும் 31, 32-க்குச் சூடேற்றுகிறார்கள். தவறினால் பளபளப்பு வாராது. சில நாட்களில் சாம்பல் பூத்தாற்போல் வெளுக்கும். மிட்டாய்க்காரர் படிகத்தை விரட்டுகிறார். சாக்லேட்காரர் ஆறில் ஒன்றைத் தேர்ந்து அழைக்கிறார். சித்திரை வெயிலில் செஞ்சிக் கோட்டைப் பாறைகள் கொதிக்கும் ஊரில் 34 டிகிரியில் உருகும் பண்டத்தை வைத்துக் காப்பது குளிரறை இல்லாமல் நடவாது. ஆகவே இங்கே தொடங்குபவருக்கு நான் காட்டுவது கடலை மிட்டாயும் எள் மிட்டாயும்தான். சாக்லேட்டைக் கற்றுக்கொள்ளுங்கள், கடன் வாங்கிக்கொண்டு அதில் குதிக்க வேண்டாம்.

இனி, தொடக்கத்தில் கேட்ட ஏன் என்னும் கேள்வி.

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாங்குளத்தில் பெட்டிக் கடைக்குத் தின்பண்டம் வாங்கச் சென்ற நம் பள்ளிப் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிக் கொடுக்க மறுத்தார் கடைக்காரர். அந்தக் காட்சியை நாடே பார்த்தது. கைது நடந்தது, கடைக்கு முத்திரை வைக்கப்பட்டது. அப்பிள்ளைகள் திரும்பி நடந்த முகங்களை நான் மறக்கவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் கரூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், காலை உணவைச் சமைத்தவர் நம் சமூகத்துப் பெண் என்பதால் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்றனர் பெற்றோர் சிலர். மாவட்ட ஆட்சியரே சென்று அவர் கையால் உண்டார். கடையில் வாங்கவும் தடை, கையால் செய்யவும் தடை. தின்பண்டத்தில் தீண்டாமை இவ்விரு வாயில்களிலும் நிற்கிறது.

1955-ஆம் ஆண்டுச் சட்டம், 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. தீண்டாமை காரணமாகப் பொருள் விற்க மறுப்பதும், ஒருவர் தொழிலோ வணிகமோ நடத்துவதைத் தடுப்பதும் அச்சட்டப்படி குற்றங்கள். இந்த இரண்டாவது பகுதியை நம் இளைஞர்கள் போதிய அளவு படிப்பதில்லை.

ஆலையில் செய்து தாள் சுற்றிய மிட்டாயை எவரும் மறுப்பதில்லை. செய்த கை தெரியாது. அதனால் நம் நண்பர்கள் சிலர், செய்வதை நாம் செய்வோம், உறையில் கடைவீதி முகவரி ஒன்றைப் போட்டுக்கொள்வோம் என்கிறார்கள். அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது. விற்காமல் தேங்கினால் கடன்காரர் கொள்கையைக் கேட்கமாட்டார். ஆனால் பொதிந்து விற்கும் உணவின் உறைமேல் செய்தவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி. செய்யும் இடம் நம் தெரு என்றால் நம் தெருவின் பெயரைத்தான் அச்சிட வேண்டும். காலனி என்னும் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. அதற்குப் பதில் எந்தப் பெயர் வந்தாலும் அது மிட்டாய் உறையில் ஏறட்டும். ஓராண்டு விற்பனை மந்தமாக இருக்கலாம். தரம் குன்றாத மிட்டாயை எத்தனை நாளைக்குத்தான் ஒருவன் நாவைக் கட்டிக்கொண்டு மறுப்பான்?

பொருள் வசதி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1974-இல் தொடங்கப்பட்ட தாட்கோ இருக்கிறது. 2023-இல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் முதலீட்டில் நூற்றுக்கு 35 பங்கு மானியம் தருவதாக வகுக்கப்பட்டது. விண்ணப்பிக்கும் முன் அன்றைய விதிகளை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியுங்கள். மேல்மலையனூரில் அமாவாசைதோறும் கூடும் மக்கள் வெள்ளம் ஒரு சந்தை. 2025 சூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற செஞ்சிக் கோட்டைக்கு வரும் பயணிகள் இன்னொரு சந்தை. ஆனால் கடன் கடைசியில் வர வேண்டும். முதலில் அடி கனத்த பாத்திரம் ஒன்று, தராசு ஒன்று, 200 டிகிரி வரை காட்டும் வெப்பமானி ஒன்று, குறிப்பேடு ஒன்று. ஐம்பது முறை காய்ச்சுங்கள். ஒவ்வொரு முறையும் எடை, வெப்பநிலை, அன்றைய மழை வெயில் அனைத்தையும் எழுதுங்கள்.

என் பேச்சு போதும். பக்கத்து அறையில் அடுப்பு மூட்டப்பட்டிருக்கிறது. வறுத்துத் தோல் நீக்கிய கடலையும் பொடித்த வெல்லமும் நிறுத்து வைத்திருக்கிறார்கள். முதல் வேலையாக வெப்பமானியைக் கொதிநீரில் வைத்துப் பார்ப்போம். அது 100-க்குப் பதில் 98 காட்டினால், அந்த 2 டிகிரியைக் குறித்துக்கொண்டு ஒவ்வோர் அளவிலும் கூட்டிக்கொள்ள வேண்டும். குறிப்பேடு கொண்டுவந்தவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள்.